உப்புப் பூக்காத ஆத்தங்குடிக் கல்: முன்பே உள்ள நுட்பங்களை எங்கே, எப்படித் தேடுவது?

பட்டறைப்பிள்ளை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்தி வருகிறது. கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த கலவையைத் தூவி, கடைசியில் பின்பக்கச் சாந்தை நிரப்பித் தேய்த்து, இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற பழைய முறையில்தான் இன்றும் வேலை நடக்கிறது. சூளை கிடையாது, மெருகேற்றும் எந்திரமும் கிடையாது. கல்லின் பளபளப்பு முழுவதும் அந்தக் கண்ணாடி கொடுப்பதுதான்.

எங்கள் தொழிலில் நெடுங்காலமாகத் தீராத குறை உப்புப் பூத்தல். மஞ்சளிலும் வெள்ளையிலும் அது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. கருப்பிலும் கருஞ்சிவப்பிலும் அப்படி இல்லை. கல் பதித்த முதல் மழைக்காலத்திலேயே, வளவை (வீட்டின் நடு முற்றத்தை)ச் சுற்றிய தாழ்வாரத்தில் சாரல் படுகிற வரிசை முழுவதும் வெள்ளைப் படலம் படிந்துவிடுகிறது. ஈரத் துணியால் துடைத்தால் ஈரம் இருக்கும் வரை மறைகிறது. காய்ந்ததும் மறுபடியும் தெரிகிறது. வீட்டுக்காரர்கள் எங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

கட்டடப் பொறியியல் படித்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிய நான், அரிசி ஆலையில் கிடைக்கும் நெல் உமிச் சாம்பலை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலவையைக் கருப்புக் கல்லில் சோதித்து வருகிறேன். மாதிரிக் கற்களில் உப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு கல்கூட விற்பனைக்குப் போகவில்லை. உடனே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்னால், இதை வேறு யாரேனும் செய்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள விரும்பி, ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டுத் தரைக்கல் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் இட்டுக் காப்புரிமைத் தளங்களில் தேடினேன். பயன்படும்படியாக எதுவும் கிடைக்கவில்லை. இதை வைத்து, என் கலவை புதியது என்று எடுத்துக்கொள்ளலாமா? காப்புரிமைகளை மட்டும் பார்த்தால் போதுமா, ஆய்வுக் கட்டுரைகளையும் பார்க்க வேண்டுமா? தேடலை எந்த இடத்தில் நிறுத்துவது? ஏற்கெனவே யாரேனும் செய்திருந்தால் வருத்தம் இல்லை; அதைக் கற்றுக்கொண்டு கல்லை நன்றாகச் செய்ய வேண்டும் என்பதே என் முதல் விருப்பம். விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேடுநர் – மறுமொழி

தம்பி, நான் தேவகோட்டையைச் சேர்ந்தவன். சென்னையில் காப்புரிமைத் தேடலையே தொழிலாகச் செய்து வருகிறேன். பதிலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். கலவையின் விகிதத்தையும், சாம்பலைப் பக்குவப்படுத்தும் முறையையும், அதை எந்தக் கட்டத்தில் சேர்க்கிறீர்கள் என்பதையும் இந்த இழையில் எழுத வேண்டாம். விண்ணப்ப நாளுக்கு முன்னால் பொதுவில் வெளியான எதையும், அதை எழுதியவர் விண்ணப்பதாரரே ஆனாலும், அந்த விண்ணப்பத்துக்கு எதிராகக் காட்டலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது, கற்றோர் அவையில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே 12 மாத விலக்குத் தருகிறது. இணைய மன்றத்தில் எழுதியதற்கு அந்த விலக்கு கிடையாது. கற்களை இன்னும் விற்காமல் இருப்பது நல்லது. விண்ணப்பம் பற்றி முடிவெடுக்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் தேடியது ஊர்ப் பெயரை. காப்புரிமை எழுதுகிறவர் தன் உரிமையின் எல்லை விரிய வேண்டும் என்பதற்காகப் பொருளை இயன்ற அளவு பொதுவான சொல்லில் குறிப்பிடுவார். தரைக்கல் என்றுகூட எழுதாமல், சிமெண்ட் சார்ந்த வார்ப்புப் பொருள் என்று எழுதுவார். ஆகவே ஊர்ப் பெயருக்கு ஒன்றும் கிடைக்காததிலிருந்து புதுமையைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. தேடல் நீங்கள் தீர்க்கிற சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும், பயன்படுத்துகிற பொருளிலிருந்தும் தொடங்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் உங்களுக்கு வேண்டிய ஆவணங்கள் இருக்கும்.

அந்தச் சந்திப்பைச் சொற்களை மட்டும் நம்பித் தேடினால் பாதி கைநழுவிப் போகும். உப்புப் பூத்தலை ஒருவர் எஃப்ளோரசன்ஸ் என்பார், இன்னொருவர் லைம் புளூம் என்பார், மூன்றாமவர் வெண்மை படிதல் என்று சீன மொழியில் எழுதியிருப்பார். இதற்காகத்தான் வகைப்பாட்டுக் குறியீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும், அது எந்த மொழியில் இருந்தாலும், அதன் பொருளைப் படித்துப் பார்த்து அலுவலகங்கள் குறியீடு இடுகின்றன. 1971 ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையின் வழி வந்த பன்னாட்டு வகைப்பாடு ஒன்று. ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் சேர்ந்து 2013 முதல் பயன்படுத்தி வரும், அதைவிட நுணுக்கமாகப் பிரிக்கப்பட்ட சிபிசி வகைப்பாடு மற்றொன்று. உங்களுக்குப் பயன்படுவது இரண்டாவது. சிமெண்ட், சாந்து, கான்கிரீட் ஆகியவற்றின் கலவைகள் எல்லாம் சி04பி (C04B) என்ற வகுப்பில் வருகின்றன. அதற்குள் சி04பி 18/101 என்பது எரித்த நெல் உமிக்கும் அது போன்ற தாவரச் சாம்பலுக்கும் என்றே ஒதுக்கப்பட்ட இடம். சி04பி 2111/21 என்பது உப்புப் பூத்தலைத் தடுக்கும் பண்புக்கு உரிய இடம். வார்க்கும் முறையும் அச்சும் வேறு வகுப்பில், பி28பி-யில் (B28B), இருக்கின்றன. உமிச் சாம்பலுக்கென்று சிபிசி வகைப்பாட்டில் தனி எண்ணே ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அதில் எவ்வளவு வேலை நடந்திருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டின் விரிவான தேடலில், வகைப்பாட்டுக் கட்டத்தில் இந்த இரண்டு குறியீடுகளையும் ‘மற்றும்’ என்ற இணைப்போடு இடுங்கள். வருகிற பட்டியல் படிக்கக்கூடிய அளவில் இருக்கும், முழுவதையும் பாருங்கள். பிறகு ஒரு குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதற்குப் பதிலாகச் சொற்களை இடுங்கள். அடுத்து மாற்றிச் செய்யுங்கள். குறியீடு இடப்படாமல் விட்டுப்போன ஆவணங்கள் அப்போது அகப்படும். உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில், நீங்கள் இடும் சொல்லுக்குப் பிற மொழிகளில் உள்ள இணைகளையும் சேர்த்துத் தேடும் வசதி இருக்கிறது. உங்கள் கல்லின் உறவுக்காரக் கற்கள் பிரான்சிலும் ஸ்பெயினிலும் பிரேசிலிலும் செய்யப்படுவதால், ‘கார்ரோ தெ சிமாந்’, ‘பல்தோசா இத்ராவ்லிக்கா’, ‘லத்ரில்யு இத்ராவ்லிக்கு’ ஆகிய பெயர்களையும் அந்தந்த மொழியின் எழுத்தில் இட்டுப் பார்ப்பது அவசியம்.

நெருக்கமான ஓர் ஆவணம் கிடைத்துவிட்டால் சொல் தேடலைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அந்த ஆவணம் எவற்றை மேற்கோள் காட்டுகிறது, எவை அதை மேற்கோள் காட்டுகின்றன என்று முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ் பக்கத்தின் அடியில் இரண்டு பட்டியலும் இருக்கும். என் அனுபவத்தில், மிக நெருங்கிய ஆவணம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்திய விண்ணப்பங்களுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளத்தைத் தனியாகப் பாருங்கள். புதிய விண்ணப்ப எண்களில் முதல் நான்கு இலக்கம் ஆண்டையும் ஐந்தாவது இலக்கம் அலுவலகத்தையும் காட்டும்; 4 என்றால் சென்னை. நம் பக்கத்திலிருந்து போகிற விண்ணப்பங்கள் பெரும்பாலும் அந்த எண்ணில்தான் இருக்கும். ஒன்றை மறக்கக் கூடாது: விண்ணப்பதாரர் முன்கூட்டியே வெளியிடக் கேட்டாலொழிய, விண்ணப்பம் 18 மாதங்களுக்குப் பொதுவில் வராது. எவ்வளவு கவனமாகத் தேடினாலும் அந்த 18 மாத இருட்டுக்குள் யாரும் பார்க்க முடியாது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் – மறுமொழி

தேடுநர் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தேடலுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது: பூத்திருப்பது எந்த உப்பு என்று தெரிந்துகொள்வது. சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிப்படுகிறது; அது ஈரத்தோடு நுண்துளைகள் வழியாக மேலே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இது சுண்ணாம்புப் பூத்தல். இன்னொரு வகை, சோடியம், பொட்டாசியம் சல்பேட்டு போன்ற கரையும் உப்புகள், தொட்டித் தண்ணீரிலிருந்தோ மணலிலிருந்தோ தரைக்கு அடியில் உள்ள ஈரத்திலிருந்தோ வருவது. மேலே படிந்த வெள்ளைப் பொடியை மட்டும் பிளேடால் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நல்ல தண்ணீரில் முழுவதும் கரைந்து மறைந்தால் கரையும் உப்பு. கல்லின் மேலேயே அமிலத்தை விட வேண்டாம். கல்லில் உள்ள சிமெண்டும் வினைபுரிந்து முடிவைக் குழப்பிவிடும், மேற்பரப்பும் கெட்டுப்போகும். இந்த இரண்டுக்கும் தீர்வு வேறு, படிக்க வேண்டிய நூல்களும் வேறு.

சுண்ணாம்பாக இருந்தால், உங்கள் உமிச் சாம்பல் ஏன் வேலை செய்கிறது என்பது வேதியியலில் நன்கு தெரிந்த ஒன்று. கட்டுப்பாடான வெப்பத்தில் எரித்த உமியின் சாம்பலில் பெரும்பகுதி படிக உருவம் பெறாத சிலிக்கா. அது கால்சியம் ஹைட்ராக்சைடைப் பிடித்துக்கொண்டு, சிமெண்டுக்கு வலிமை தருகிற அதே வகைப் பசையாக மாறிவிடுகிறது. மேலே வருவதற்குச் சுண்ணாம்பு குறைகிறது, துளைகளும் நெருங்குகின்றன. வெப்பம் மிகுந்துவிட்டால் சிலிக்கா படிகமாகி அதன் வினைத்திறன் குறைந்துவிடும். ஆலைக்கு ஆலை சாம்பல் வேறுபடுவதற்கு இது முக்கியமான காரணம். அதில் தங்கும் கரி கருப்புக் கல்லுக்குத் தொல்லை தராது; மஞ்சள் கல்லை அழுக்காக்கும்.

உமிச் சாம்பல் சிமெண்டுக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பி. குமார் மேத்தா அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1978-இல். அதன் காலம் முடிந்து வெகு நாளாகிறது. அதில் உள்ளதை யார் வேண்டுமானாலும் இன்று பயன்படுத்தலாம். அதைவிட உங்களுக்கு நெருக்கமான செய்தி ஒன்று சொல்கிறேன். 2007-லும் 2008-லும் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் பில்டிங் மெட்டீரியல்ஸ்’ என்ற பன்னாட்டு இதழில் உமிச் சாம்பல் கலந்த கான்கிரீட்டைப் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று உள்ளிருக்கும் கம்பியின் அரிப்பைப் பற்றியது, மற்றது வலிமையையும் நீர் ஊடுருவுதலையும் பற்றியது. இரண்டிலும் நம் காரைக்குடி மைய மின்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களின் பங்கு இருக்கிறது. சிமெண்டில் 30 விழுக்காடு வரை உமிச் சாம்பலை மாற்றிச் சேர்த்தாலும் வலிமையும் ஊடுருவாமையும் கெடவில்லை என்பது இரண்டாவது கட்டுரையின் முடிவு. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய, வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம் அது. ஆத்தங்குடியிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் நடந்த ஆராய்ச்சி, ஆத்தங்குடிப் பட்டறைக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிறது. காப்புரிமைகளை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைகள் உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

ஆகவே கூகுள் ஸ்காலரையும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும் ஷோத்கங்காவையும் கட்டாயம் பாருங்கள். ஆய்வேடுகளில், கட்டுரையில் இடமில்லாமல் விடப்பட்ட தோல்விகளும் அட்டவணைகளும் இருக்கும். தொழில் செய்கிறவருக்கு அவைதான் மிகுந்த பயன். சிமெண்ட் தரைக்கற்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1237-ஐயும் படித்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பட்டறைப்பிள்ளை

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பொடியைச் சுரண்டிச் சோதித்தேன். நன்றாக நுரைத்தது, தண்ணீரில் கரையவில்லை. சுண்ணாம்புதான். இரண்டு குறியீடுகளையும் சேர்த்து எஸ்பாஸ்நெட்டில் தேடியபோது, பெயரை வைத்துத் தேடியபோது கிடைக்காத ஆவணங்கள் வந்தன. பல சீன மொழியில் இருந்தாலும் தளத்தின் மொழிபெயர்ப்பில் பொருள் புரிகிறது. உமிச் சாம்பலைச் சேர்த்தால் உப்புப் பூப்பது குறையும் என்ற பொதுக் கருத்து எனக்குச் சொந்தமில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் நான் சாம்பலைச் சேர்க்கும் இடமும் முறையும் (இங்கே விவரிக்கவில்லை) நான் பார்த்தவற்றில் இல்லை. இப்போது என் ஐயம், ஓர் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் படிப்பது என்பது. கோரிக்கைகளை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார் என்று எண்ணிட்டு எழுதும் வாக்கியங்களை, மட்டும் படித்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?

அச்சுக்காரர்

நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தம்பி. ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்ப்பூச்சுக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் பனைவெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த பக்குவம் தலைமுறை தலைமுறையாகக் கொத்தனார்களின் கையோடு வந்தது. தரைக்கல் பட்டறைகளிலும் ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. தொட்டியில் எத்தனை நாள், எந்த மணல், கருப்புக்கு எதைக் கூடச் சேர்ப்பது என்பதெல்லாம் அவரவர் மனத்தில் இருக்கிறதே தவிர எழுத்தில் இல்லை. கணினியில் தேடுவதோடு நிறுத்தாமல், வயதான மேஸ்திரிகளிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் உரிமை வந்து, பக்கத்துப் பட்டறைக்காரர் காலம்காலமாகச் செய்து வந்ததைச் செய்யக்கூடாது என்ற நிலை வந்துவிடக் கூடாது.

தேடுநர்

அச்சுக்காரர் ஐயா சொன்னதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. காப்புரிமையை எதிர்ப்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்தும் 25-ஆம் பிரிவில், இந்தியாவிலோ பிற இடத்திலோ ஓர் உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ இருந்து வந்த அறிவு என்பதும் ஒரு காரணம். மரபறிவாக இருப்பது கண்டுபிடிப்பே ஆகாது என்று 3(p) பிரிவும் சொல்கிறது. ஆனால் வாய்மொழி அறிவை இன்னொரு நாட்டில் நிறுவுவது எளிதல்ல. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களிலிருந்தும் 1953-இல் வந்த ஓர் இந்திய மருத்துவ இதழிலிருந்தும் அச்சுச் சான்றுகளைத் திரட்டிக் கொடுத்து, 1997-இல் நீக்க வைத்தது. நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்திக்கு அங்கே எழுத்துச் சான்றுதான் வேண்டியிருந்தது. ஆகவே மேஸ்திரிகளிடம் கேட்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள், அவர்கள் ஒப்புதலோடு.

உங்கள் நண்பர் சொன்னது ஒரு நோக்கத்துக்கு மட்டும் சரி. நீங்கள் கல் செய்து விற்பது வேறொருவரின் உரிமையை மீறுமா என்று பார்ப்பதற்குக் கோரிக்கைகளைப் படிக்க வேண்டும். அதுவும் இந்தியாவில் நடப்பில் உள்ள காப்புரிமைகளின் கோரிக்கைகளை மட்டும். காப்புரிமை வழங்கிய நாட்டுக்குள்தான் செல்லும். விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளில் முடியும். ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். சீனாவில் மட்டும் உரிமை பெற்ற ஒரு கலவையை நீங்கள் இங்கே செய்து இங்கேயே விற்பதற்குத் தடை இல்லை. ஏற்றுமதி என்று வரும்போது அந்த நாட்டைப் பற்றித் தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் முறை புதியதா என்று பார்ப்பதற்கோ கோரிக்கைகள் போதவே போதா. விவரக்குறிப்பின், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி எழுதிய ஆவணத்தின், ஏதோ ஓர் ஓரத்தில், எடுத்துக்காட்டு ஒன்றின் நடுவில், நீங்கள் செய்வதை ஒருவர் ஒரே வரியில் எழுதியிருந்தாலும் அது உங்களுக்கு முன்னால் வெளியானதுதான். அந்தக் காப்புரிமை காலாவதியானதா, நிராகரிக்கப்பட்டதா என்பது கணக்கில் வராது. ஒரே ஆவணத்தில் உங்கள் முறையின் எல்லாக் கூறுகளும் இருந்தால் புதுமை போயிற்று. இரண்டு மூன்று ஆவணங்களில் பிரிந்து கிடந்து, அவற்றைச் சேர்ப்பது இத்துறையில் தேர்ந்தவருக்கு இயல்பாகவே தோன்றும் என்றால் கண்டுபிடிப்பாற்றல் இல்லை என்பார்கள். வெறும் கலவை, அதன் பண்புகள் தனித்தனிக் கூறுகளின் பண்புகளைக் கூட்டியதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றால், 3(e) பிரிவும் குறுக்கே வரும். சாம்பலைச் சேர்க்கும் இடத்தால் எதிர்பாராத பலன் வருகிறது என்றால், சாம்பலே இல்லாத கல்லையும், வழக்கமான முறையில் சாம்பல் சேர்த்த கல்லையும், உங்கள் கல்லையும் ஒரே தொட்டியில் ஊறவைத்து, ஒரே சாரலில் வைத்து ஒப்பிட்ட அளவீடுகள் உங்களிடம் இருக்க வேண்டும்.

கல்லை நன்றாகச் செய்ய வேண்டும் என்கிற உங்கள் முதல் விருப்பத்துக்கோ, ஆவணத்தின் பின்னணிப் பகுதியையும் எடுத்துக்காட்டுகளையும் படியுங்கள். முன்பு யார் என்ன செய்தார்கள், அதில் என்ன குறை என்று பின்னணிப் பகுதியில் எழுதியவரே திரட்டிக் கொடுத்திருப்பார். எடுத்துக்காட்டுகளில் எடைக் கணக்கே இருக்கும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எந்தத் தளம், எந்தத் தேதி, எந்தச் சொல்லும் குறியீடும், எத்தனை ஆவணம் வந்தது, எவற்றை ஏன் ஒதுக்கினேன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். புதிய சொற்களையும் புதிய வழிகளையும் இட்டுப் பார்த்தும், நெருக்கமானவையாக வருகிறவை எல்லாம் முன்பே நோட்டில் இருக்கிற ஆவணங்களாகவே இருந்தால் அந்தச் சுற்றை நிறுத்தலாம். அதன் பிறகு, தனித்து நிற்கும் கூறு இன்னும் இருக்கிறது என்று தோன்றினால், தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் இருக்கும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். 18 மாதங்கள் கழிந்த பிறகு இதே குறியீடுகளோடு இன்னொரு முறை தேடுங்கள். இப்போது வெளிவராமல் இருக்கும் விண்ணப்பங்கள் அதற்குள் வெளிவந்திருக்கும்.